எங்கள் வாசல் குழாய்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் முதல் குழாய் எங்கள் வாசலுக்கு வந்தது என்னால்தான். சமையலறைக்குள்ளேயே குழாய் வைத்திருக்கும் என் மருமகள்கள் இதை நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

அப்போது எனக்கு ஏழு வயது. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் ஒரே கிணறு. மேல் வரிசையில் நாங்கள். கீழ் வரிசையில் அம்மாவின் கூடப்பிறந்த அக்காவான பெரியம்மா. முனீஸ்வரனுக்கு வெட்டிய கிடாயின் தலை யாருக்கு என்று அப்பாவும் பெரியப்பாவும் முட்டிக்கொண்டதிலிருந்து, ஒரு வீட்டார் மறு வீட்டு வாசலை மிதிப்பதில்லை. கிணறு யார் வாசலிலும் இல்லை. விடியலில் ஒருத்தி கயிறு இழுக்க, ஒருத்தி குடத்தில் ஊற்ற, அக்காளும் தங்கையும் ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்ப்பார்கள்.

பொதுக் குழாய் வரப்போகிறது என்றதும் எந்த வரிசைக்கு என்பதே பேச்சாகிவிட்டது. ரயில்வே துரை வந்து, குழாய்க்கு இடம் குறித்துக் கீழ் வரிசையில் முளை அடித்துவிட்டுப் போனார். அந்த வரிசைப் பிள்ளைகள் எங்களுக்குப் பழிப்புக் காட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோண்டும் நாளில் வேடிக்கை பார்க்கப் போனேன். முளையை ஒட்டி லாலாங் புல் குவிந்து கிடந்தது. அதற்கடியில் இருந்தது கீழ் வரிசையார் வெள்ளிதோறும் பால் ஊற்றும் பாம்புப் புற்று. குழாய் கைநழுவிவிடுமே என்று அம்மனையே புல்லால் மூடி வைத்திருந்தார்கள்.

“அண்ணே, அங்க நாகம்மா இருக்கா. போன வெள்ளிக்கிழமகூட பால் ஊத்துனாங்க” என்றேன், தோண்ட வந்தவரிடம்.

ஓங்கிய கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே. துரை கத்திப் பார்த்தார். ஓர் ஆளும் அசையவில்லை.

“பின்ன எங்கதான் தோண்டுறது?” என்றார் கங்காணி.

நான் எங்கள் வாசலைக் காட்டினேன்.

அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரிசை முழுக்க நடந்தார். குழாய்க்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சூடம் காட்டினோம். தண்ணீர் பீறிட்டபோது நான் போட்ட கூச்சல் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். கொசு பெருகுகிறதென்று கிணற்றைப் பலகையால் மூடினார்கள். அதன்மேல் ஏறிக் குதித்து ஆடினோம்.

மறுநாள் விடியலில் கீழ் வரிசைப் பெண்கள் வீம்பை விட்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பெரியம்மா மட்டும் வரவில்லை. குடத்தோடு ஆற்றுப் பக்கம் நடந்து போனாள்.

அம்மா குடத்தை நிரப்பி வாழைக்கு ஊற்றினாள். மறுபடி நிரப்பினாள், மறுபடி ஊற்றினாள். கண் மட்டும் ஆற்றுப் பாதையிலேயே இருந்தது. புதுக் குழாய்மேல் அம்மாவுக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.