ஒரு மகனுக்கு இரண்டு வெள்ளி உருவம்

குட்செட் பஸ் நிலையத்தில் பாப்பம்மா கை காட்டினால் கிளம்பிய பஸ்ஸும் நிற்கும். நான் கை காட்டினால் நின்ற பஸ்ஸும் கிளம்பிவிடும். எங்கள் இரண்டு பேரின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான்.

அவள் அங்கே அவித்த கடலை விற்றாள். தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலை. டிரைவர், கொண்டக்டர், பொலிஸ்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று கண்டி டவுன் முழுவதற்கும் அவள் பாப்பாக்கா. நான் கோயிலில் பூக்கட்டுகிறவள். இருபது வருடமாக முருகனுக்கு மாலை கட்டியும் என்னைச் சீதா என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஐயர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் பூக்காரம்மா.

இருவரும் புசல்லாவைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர். எழுபத்தேழில் தமிழரை அடித்த கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். நாங்கள் தேயிலைச் செடிகளுக்குள் ஓடிப் படுத்துக்கொண்டோம். என் மகன் சிவமணிக்கு அப்போது மூன்று வயது. அவன் அழுதால் எல்லோருக்கும் ஆபத்து. என் மடியில் இருந்தவரைக்கும் அழுதான். பாப்பம்மா அவனை வாங்கி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த சக்கரைத் துண்டை வாயில் வைத்தாள். அடங்கிவிட்டான். அன்றைக்குத் தப்பியவர்கள் எல்லோரும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பெற்றவள் மடியில் அடங்காத பிள்ளை இவள் மடியில் எப்படி அடங்கலாம் என்று நினைத்துக்கொண்டேதான் கும்பிட்டேன்.

பிறகு கண்டிக்கு வந்து மகியாவையில் அறை எடுத்தோம். இங்கேயும் நடுவில் ஒரு சுவர்தான். வந்த மூன்றாம் வருடம் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். பாப்பம்மாவின் புருஷன் அழகையா அதற்கு முன்னமே இந்தியாவுக்குக் கப்பல் ஏறியிருந்தான். அவனுக்குப் பாஸ்போட் வந்தது, இவளுக்கு வரவில்லை. ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று போனவன் ஒரே ஒரு கடிதம் போட்டான், அவ்வளவுதான். ஆனாலும் அவள் தினமும் காலையில் குளித்து, ஐந்து சதக் காசு அளவில் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டுதான் கடலைக் கூடையைத் தூக்குவாள். நான் வெறும் திருநீறோடு பூக்கட்டப் போவேன். இல்லாத புருஷனுக்கு வைக்கிற பொட்டைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது. முருகன் சந்நிதியில் இருக்கிறவள் பொய் எழுதக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. சிவமணி இரண்டு அறையிலும் வளர்ந்தான். நான் சிவமணி என்று கூப்பிட்டால், "என்னம்மா?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்பான். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் "மணி" என்றால் எழுந்து போய்விடுவான்.

பெரியவனாகி கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு வேலைக்குப் போனான். தொண்ணூற்றாறில் ஆமிக்காரர் தெருவை மறித்து ஒரு சுற்றிவளைப்பு. வெளியூர்த் தமிழர் வைத்திருக்க வேண்டிய, பொலிஸில் பதிந்த துண்டு அவன் கையில் இல்லை. புலி என்ற சந்தேகத்தில் கொண்டுபோய்விட்டார்கள். விசாரணை, விசாரணை என்று மாதங்கள் போயின. ஒருமுறை இரண்டு பேரும் பார்க்கப் போனோம். தாய்க்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். அன்றைக்கு நான் நிமிர்ந்து நடந்து உள்ளே போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் முதலில் கேட்டது, "சின்னம்மா வரலையா?"

தை மாதம் பிறந்தது. கோயிலடியில் கடை வைத்திருந்த ராஜலிங்கம் முதலாளி ஒரு நேர்த்தியின் பேரில் ஒன்பது பேரைத் தன் செலவில் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். கோயிலில் வேலை செய்கிற, சுற்றிலும் குடியிருக்கிற பெண்களுக்கு ஒரே ஓர் இடம். யாருக்கு என்று பூக்கட்டிப் பார்த்தார்கள். ஒரு வெள்ளைப்பூ, மற்றதெல்லாம் சிவப்பு, வாழையிலைத் துண்டில் மடித்துச் சந்நிதியில் வைக்க வேண்டும். கட்டியவள் நான்தான். எதில் எது என்று எனக்கும் தெரியக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டினேன். ஒரு கண்ணையாவது திறந்திருக்கலாம் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். வெள்ளைப்பூ பாப்பம்மாவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைகூட ஒழுங்காகக் கோயிலுக்கு வராதவள். கேட்டால், "பஸ் ஸ்டாண்டுல நூறு பேரு முருகா முருகான்னுதான் பஸ்ஸில தொங்குறாங்க அக்கா, அங்கயே கும்பிட்டுக்கிறேன்" என்பாள்.

நாலாம் நாள், எங்கள் கூட்டத்தோடு வரவிருந்த முதலாளியின் மாமியார் கிணற்றடியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அந்த இடம் எனக்கு வந்தது. செய்தி கேட்டதும் நான் "முருகா!" என்றேன். கேட்டவர்கள் பரிதாபத்தில் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

யாருக்கும் சொல்லாமல் நகைக்கடையில் வெள்ளியில் ஓர் ஆள் உருவம் செய்வித்தேன். விரல் நீளம், கை கூப்பி நிற்கிற ஆண் உருவம். பழனி உண்டியலில் இதைப் போட்டு, என் பிள்ளையை வெளியே விடு என்று கேட்பதாக நேர்ந்துகொண்டேன். மஞ்சள் துணியில் முடிந்து பையின் அடியில் வைத்தேன். நேர்ந்ததை வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள்.

ஏர்போட்டுக்கு விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். பைகளை வாங்கி உள்ளே அனுப்பியும்விட்டார்கள். பத்து மணிக்கு, திருச்சிப் பிளேன் பழுது, இன்றைக்குப் போகாது என்றார்கள். பூசத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. முதலாளி ஒவ்வொரு மேசையாக ஓடி, பின்னேரம் மெட்ராசுக்குப் போகும் வேறொரு கொம்பனிப் பிளேனில் எல்லோருக்கும் இடம் மாற்றி வாங்கி வந்தார். பைகளும் திரும்பி வந்தன. புது டிக்கட் ஒவ்வொன்றிலும் சிவப்புப் பேனையால் பெரிதாக ஒரு கோடு.

"என்ன முதலாளி, நம்ம டிக்கட்டுல மட்டும் சிவப்புக் கோடு?" என்று பாப்பம்மா கேட்டாள்.

"கடைசி நேரத்துல பிளேன் மாத்துனவங்களத் தனியாச் செக் பண்ணுவாங்களாம். பையெல்லாம் திறந்து பாப்பாங்க. யாரும் பயப்படாதீங்க."

"நாங்களா மாத்தினோம்? அவங்க பிளேனு படுத்துக்கிச்சு. மாடு படுத்தா மாட்டுக்காரன் கிட்ட கேக்கணும், பால் வாங்க வந்தவ சொம்பையா உடைச்சுப் பாக்குறது?"

கூட்டமே சிரித்தது. பக்கத்தில் துவக்கோடு நின்ற ஆமிக்காரப் பையன்கூட என்ன என்று தெரியாமலே சிரித்தான். எனக்கும் அதே நினைப்புத்தான் மனதில் இருந்தது. நான் சொல்லியிருந்தால் யார் சிரித்திருப்பார்கள்?

மற்றப் பயணிகள் நேராகப் போனார்கள். எங்களை ஒரு பக்கமாகத் திரை மறைப்புக்குக் கூட்டிப்போனார்கள். ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு ஒரு மேசை. எங்கள் கூட்டத்தில் பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். யூனிஃபோம் போட்ட ஒரு சிங்களப் பெண் எங்கள் பைகளை அடுத்தடுத்துத் திறந்தாள். திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து விரலில் தேய்த்தாள். தேங்காயைக் காதோடு வைத்து ஆட்டினாள். என் மஞ்சள் முடிச்சை அவிழ்த்து வெள்ளி உருவத்தை மேசையில் வைத்தாள். பிறகு பாப்பம்மாவின் பை. அதன் அடியிலும் ஒரு மஞ்சள் முடிச்சு. அவிழ்த்தாள்.

அதே கை கூப்பிய ஆண் உருவம். அதே நகைக்கடை வேலை. என்னுடையதைவிட நகக்கண் அளவு பெரியது.

பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது, அவள் யாருக்காகக் கொண்டுபோகிறாள் என்று. அழுகை வந்திருக்க வேண்டும். என் பிள்ளைக்கு நேர இவள் யார், அதுவும் என்னுடையதைவிடப் பெரிதாக, என்றுதான் வந்தது.

அந்தப் பெண்ணின் முகம் இறுகியது. "ரெண்டு பேர்கிட்டயும் ஒரே மாதிரி. இது என்ன அடையாளம்? யாரு இந்த ஆள்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

பாப்பம்மாவுக்குப் பஸ் நிலையத்துச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். "அடையாளம் இல்ல நோனா, கோயில் நேர்த்தி. ரெண்டும் என் மகனுக்குத்தான். அவனுக்கு வலிப்பு வரும். எனக்காக இந்த அக்காவும் ஒண்ணு கொண்டு வர்றாங்க" என்றாள். சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். பேசாதே என்று அர்த்தம். மகன் காவலில் இருக்கிறான் என்று தெரிந்தால் அந்தக் காலத்தில் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும்.

கழுத்தில் விரத மாலையோடு எவ்வளவு லேசாகப் பொய் சொல்கிறாள்!

அந்தப் பெண்ணின் முகம் இளகியது. அவளும் ஒரு தாயாக இருக்க வேண்டும். இரண்டு உருவத்தையும் அதனதன் துணியில் வைத்து மடிக்கத் தொடங்கினாள். "உங்க மகனுக்கு நல்லாகும் அம்மே" என்றாள், பாப்பம்மாவைப் பார்த்து.

காரியம் முடிந்துவிட்டது. நான் இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தால் போதும். ஆனால் 'உங்க மகன்' என்ற சொல் என் நெஞ்சில் சுட்டுவிட்டது. தேயிலைக்குள் வாங்கிய பிள்ளையை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை என்று தோன்றியது.

"இவளுக்கு ஏது மகன்? அவன் நான் பெத்த பிள்ளை!" என்றேன். என் வாழ்நாளில் பிழையில்லாமல் பேசிய சிங்களம் அது ஒன்றுதான்.

மடித்த துணி திரும்ப அவிழ்ந்தது. "அப்ப எங்க உங்க மகன்?" என்று அவள் கேட்டாள். மாலை போட்ட கழுத்தோடு நான் பொய் சொல்ல மாட்டேன். சொன்னேன்.

இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஐடென்டி காட், பேர், ஊர், மகன் இருக்கும் இடம். போன் எடுத்து விசாரித்து, பதில் வரும்வரை தாய் இங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். பொய் சொன்னதற்குப் பாப்பம்மாவையும் பிடித்து ஏசினார்கள். முதலாளி வந்து கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். "பயத்துல சொல்லிட்டேன் நோனா, ஏசுங்க, அடிக்கவும் அடிங்க, பிளேனை மட்டும் விட்டுறாதீங்க" என்று அவள் அழுதாள். பிளேனுக்குக் கடைசி அழைப்புக் கேட்டபோது அவளைப் போகச் சொன்னார்கள். எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

அவள் என்னிடம் வந்து கையை நீட்டினாள். "குடுங்கக்கா. ரெண்டையும் சேத்துப் போட்டுர்றேன்."

நான் உருவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொடுத்தால் என் பிள்ளைக்காக முருகன் முன்னால் நிற்கப்போவது இவள். கொடுக்காவிட்டால் என் நேர்த்தி இந்த மேசையோடு போகும்.

"சீதாக்கா, பிளேனு போயிரும்."

அவள் கையில் வைத்தேன். வைத்துவிட்டும் விடவில்லை. "என்னோடது முதல்ல விழணும். உன்னோடது பொறகு."

அழுகையோடேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரிக்கா. வரிசையில பூக்காரம்மாதான் முதல்லன்னு முருகன்கிட்ட சொல்றேன்" என்று ஓடினாள்.

பொழுது சாய்வதற்குள் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நான் கண்டி பஸ் பிடித்தேன்.

பத்தாம் நாள் பாப்பம்மா திரும்பி வந்தாள். தலையில் முடி இல்லை. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி, சிவமணிக்காகக் கொடுத்துவிட்டாள். அது எனக்குத் தோன்றாமல் போனதே என்று இருந்தது. பொட்டு மட்டும் அதே இடத்தில் இருந்தது. பஞ்சாமிர்தத்தை என் கையில் தந்தாள்.

"முதல்ல என்னோடதுதானே?" என்றேன்.

"உங்களோடதுதான். அது விழுந்த சத்தம் கேட்ட பொறகுதான் என்னோடதைப் போட்டேன்."

"அழகையாவைத் தேடிப் பாத்தியா? அந்தப் பக்கம்தானே இருக்கிறதாக் கடிதம் போட்டான்."

முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "போகும்போது முருகன்கிட்ட அவரையும் கேக்கணும்னுதான் போனேன் அக்கா. அங்க கூட்டம் தள்ளுது. ஒரு ஆளைக் கேக்கத்தான் நேரம் இருந்துச்சு. மணியைக் கேட்டுட்டு வந்துட்டேன்."

என் பிள்ளைக்காக விட்டுக்கொடுக்க அவளிடம் ஒரு புருஷனாவது இருந்தான். என்னிடம் என்ன இருந்தது?

வைகாசியில் குற்றம் ஒன்றும் இல்லையென்று சிவமணியை விட்டார்கள். முன்கூட்டி ஒரு செய்தியும் இல்லை. நான் கோயிலில் பின்னேரப் பூசைக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டக்டர் வந்து, "பூக்காரம்மா, உங்க மகன் குட்செட்டுல இறங்கிட்டாரு, பாப்பாக்கா கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றார். பாதி கட்டிய மாலையோடு ஓடினேன்.

கொழும்பு பஸ் வந்து நிற்கிற இடத்துக்கு நேரேதான் அவள் கூடை. அதன் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் என் பிள்ளை உட்கார்ந்திருந்தான், எலும்பும் தோலுமாக. பாப்பம்மாவின் தலையில் முடி ஒரு அங்குலம் வளர்ந்திருந்தது. அவள் கையில் பேப்பர்ச் சுருளில் கடலை.

"பசிக்குது சின்னம்மான்னு அப்பவே கேட்டேன்மா, தரமாட்டேங்குறாங்க" என்றான் சிவமணி.

"முதல் வாய் நான் குடுத்தேன்னு தெரிஞ்சா உங்கம்மா பழனிக்கே நடந்து போயி என் மேல முறைப்பாடு வைப்பாங்க" என்று சொல்லி, பாப்பம்மா சுருளை என்னிடம் நீட்டினாள்.

வாங்கி அவனுக்கு ஊட்டினேன். அவன் தின்றான். அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுருளில் இருந்த கடலை நன்றாக ஆறிப்போயிருந்தது. அவ்வளவு நேரமாகவா இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டே அடுத்த வாயை ஊட்டினேன்.