அக்காவுக்கு வந்த கவர்

எங்கள் ஆஸ்பத்திரியின் வயிற்றுப் பிரிவில் இருந்த குமாஸ்தாவுக்குக் ‘கவர் அண்ணன்’ என்று பெயர். நெஞ்செரிச்சல், அஜீரணம் என்று வருபவர்களுக்கு முதலிலேயே வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பதா, மாத்திரை கொடுத்துப் பார்ப்பதா, எது மேல் என்று டாக்டர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். யாருக்கு எது என்பதை, குலுக்கிப் போட்டு அடுக்கி ஒட்டி வைத்த கவர்தான் சொல்லும். உள்ளே நீலச் சீட்டு என்றால் குழாய், வெள்ளை என்றால் மாத்திரை. வருகிறவர்களுக்கு வரிசை மாறாமல் எடுத்துக் கொடுப்பது அண்ணன் வேலை. சிபாரிசு கேட்டு வந்த என் மாமியாரையே விரட்டியடித்தவர். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஒருநாள் அவருடைய அக்காவே வந்து நின்றாள். அச்சகத்தில் காகிதம் மடித்து அவரைப் படிக்க வைத்தவள்.

“அந்தக் குழாயை என்னால விழுங்க முடியாதுடா தம்பி. மாத்திரைச் சீட்டா பாத்துக் குடு.”

“அது என் கையில இல்லக்கா.”

“கவர் உன் கையிலதானடா இருக்கு?”

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமே. கவரை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நீலம். அடுத்தது வெள்ளை. பின்னால் நின்ற தையல்காரர் பெயரைப் பதிவேட்டில் முதலில் எழுதி நீலத்தை அவருக்குக் கொடுத்தார், வெள்ளை அக்காவுக்கு. பக்கத்து மேசையிலிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

தையல்காரர் வயிற்றில் ஒன்றுமில்லை. “சும்மா கெடந்த வயித்துல குழாய விட்டு வதைச்சிட்டீங்களேய்யா! தேவைப்படுறவங்களுக்கு விடக்கூடாதா?” என்று கத்திவிட்டுப் போனார். அக்காவுக்கோ பத்தே நாளில் எரிச்சல் அடங்கியது. தம்பி கைராசி என்று தெருவெல்லாம் சொன்னாள்.

எட்டு மாதத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் குழாய் விட்டார்கள். வயிற்றின் வாயையே புற்று அடைத்திருந்தது. “அன்னைக்கே பாத்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம்” என்றார் டாக்டர். குழாய்க்குப் பயந்தவளுக்குக் கடைசி மூன்று வாரமும் மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் கஞ்சி. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு என் பேச்சக் கேட்டியே, நீ நல்லா இருப்படா” என்றாள். அவர் தலை நிமிரவே இல்லை.

ஆய்வு முடிந்தது. இரண்டு வழிக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். கூட்டத்தில் பெரிய டாக்டர் அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டார். “இருநூத்தி நாப்பது கவர். ஒண்ணுகூட வரிசை மாறல. நேர்மைன்னா இவர்தான்!”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.