துக்க மணிக்கு முன் ஒரு கேள்வி

மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தபோது நான் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலின் உபதேசியார் ஞானமுத்து போய்விட்டார் என்று தாதி சொன்னார். அவருடைய ஒரே மகள் ஜெனிட்டா, அப்பாவுக்குக் கடுமை என்று கேள்விப்பட்டு, காலையிலேயே கொழும்பில் ரயிலேறியிருந்தாள். வட்டகொடை ஸ்டேஷனில் அவள் இறங்கியதும் நேரில் சொல்வதென்று முடிவு செய்தேன். அவர் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்.

அவரை அறிந்த கோயில் மக்களான உங்களுக்கு இது தெரியும். தோட்டத்தில் யார் இறந்தாலும் அவர் உடனே துக்க மணி அடிக்க மாட்டார். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "யாருக்கு இன்னும் தெரியாது?" என்று கேட்பார். மலையில் கொழுந்தெடுக்கும் மகளுக்குத் தெரியாது, டவுனில் கடையில் நிற்கும் தம்பிக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால், கயிற்றை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவார். இரத்த உறவு மணிச் சத்தத்தில் சாவைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம். "செய்தி கையில இருந்தா வாய் அரிக்கத்தான் செய்யும் மாஸ்டர். அத அடக்குறதுதான் என் வேல" என்பார்.

அதற்காக அவரைப் புனிதராக்க வேண்டாம். தேநீர் ஆறும்வரை காத்திருக்கத் தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொள்வார். சாமியாரின் பிரசங்கம் நீண்டால் பின்வரிசையிலிருந்து இருமுவார். அந்த இருமலுக்குப் பயந்தே சில சாமிமார் சீக்கிரம் முடித்ததுண்டு.

கோயிலில் கீபோர்டு வாசிக்கும் பெனடிக்டின் தகப்பனார் இறந்த அன்று, உபதேசியாருடன் நானும் லிந்துலைக்குப் போனேன். பெனடிக்ட் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தான். உபதேசியார் எதிரே உட்கார்ந்து, மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அவன் கை கழுவி வந்த பிறகுதான் தோளில் கை போட்டுச் சொன்னார். வரும் வழியில், "பசிச்ச வயித்துல துக்கத்தக் கொட்டக் கூடாது மாஸ்டர்" என்றார்.

அந்த நம்பிக்கையில்தான் நான் முதலில் பெனடிக்டைக் கூப்பிட்டேன். கோயிலைத் திறந்து ஏற்பாடுகளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"பிள்ள ரயில்ல வருது. நான் சொல்ற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத."

"சரிங்க மாஸ்டர். நான் சொல்வேனா?"

நான் ஸ்டேஷனை அடையும் முன்பே ஃபோன் துடிக்கத் தொடங்கிவிட்டது. கோயிலின் வாட்ஸ்அப் குழுவில் உபதேசியாரின் படம், பக்கத்தில் மெழுகுவர்த்தி. போட்டவன் பெனடிக்ட். கீழே உங்களில் எத்தனையோ பேர் கைகூப்பியிருந்தீர்கள், கண்ணீர் முகங்களை வரிசையாக வைத்திருந்தீர்கள். அதே குழுவில் அவருடைய மகளும் இருக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜெனிட்டா ரயிலிலிருந்து இறங்கினாள். நான் வாயெடுக்கும் முன்பே, "தெரியும் மாமா. வட்டவளையில பார்த்தேன்" என்றாள். அங்கிருந்து வட்டகொடை வரை, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு சிங்கள அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாராம்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது கோயில் வாசலில் பெனடிக்ட் நின்றான். ஏன் செய்தாய் என்று கேட்டேன். "நாம போடலன்னா வேற யாராவது முந்திப் போட்டிருப்பாங்க மாஸ்டர்" என்றான். இதில் என்ன பந்தயம்? அன்று லிந்துலையில் வயிறு நிறையச் சாப்பிட விடப்பட்டவன் இவன். யாரோ ஒருவன் செய்திருந்தால் கோபம் மட்டும் வந்திருக்கும். இவன் செய்தது துரோகம். இன்றுவரை எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மணிக் கயிற்றைப் பிடித்தேன். உபதேசியாரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். ஊருக்கே தெரிந்த பிறகு அதற்கு அர்த்தமில்லை என்று தெரிந்தும், அவருக்காகக் கேட்டேன்.

"யாருக்கு இன்னும் தெரியாது?"

ஜெனிட்டா சொன்னாள்:

"எனக்கு இன்னும் யாரும் சொல்லல மாமா."

கயிற்றை விட்டேன். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு, அவள் தோளில் கை வைத்து, அப்பா போய்விட்டார் என்று சொன்னேன்.