நான் சோகம் என்று சொல்லிக்கொடுத்த மெட்டு

எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசிப்பவன் நான். ஒருநாள் பாட்டுப் பழகும்போது, ஒரே மெட்டை முதலில் மேஜர் சுரவரிசையிலும், பிறகு மூன்றாம் சுரத்தை அரைப்படி இறக்கி மைனரிலும் வாசித்து, "எது சோகம்?" என்று கேட்டேன். எல்லோரும் மைனரைச் சொன்னார்கள். குழுவில் பாடும் பிலோமினாக்கா மட்டும், "உதுதானே சந்தோசம்" என்றா.

"அக்கா, உங்கடை காது பிழை" என்று பகிடி பண்ணினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவ கோபிக்கவில்லை. "என்ரை மனுசன் கடலாலை வரேக்கை எங்கடை வீட்டு ஒழுங்கையிலை உப்பிடித்தான் பாடிக்கொண்டு வருவார், தம்பி. அது கேட்டாப் பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பிவரும். உடனை தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பன்."



அதற்குப் பிறகு மைனர் என்றால் சோகம் என்று நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதை வாசிக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் பத்திரமாக வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்.