இறுக்கும் பக்கம் நகர்ந்த கோடு

சர்க்கரை டப்பாவின் வெளிப்பக்கம் பென்சிலால் கோடு போட்டு வைக்கிற மனுஷரோடு இருபத்துநாலு வருஷம் குடித்தனம் நடத்திவிட்ட பெண், அதற்கப்புறம் எதற்கும் அசரமாட்டாள். டப்பாவைத் திறக்கும்போது கோட்டுக்கு அரை விரற்கடை கீழே சர்க்கரை இறங்கியிருந்தால், "எறும்பு தின்னிருக்கும். பிடிச்சு விசாரிங்க" என்பாள். ஒருமுறை அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "என் நெத்தியிலயும் ஒரு கோடு போட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வந்து சரிபார்த்துக்கலாம்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. யோசனை நன்றாகத்தான் இருக்கிறது என்பதுபோல அவள் நெற்றியை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார்.

தெருவில் அவருக்கு 'மஞ்சக்கோடு' என்று பெயர். வண்டிப் பட்டறை வைத்திருந்தார். எந்த நட்டை இறுக்கினாலும், இறுக்கி முடித்த கையோடு ஒரு மெல்லிய பிரஷ்ஷால் மஞ்சள் பெயிண்டைத் தொட்டு, நட்டின் மேலிருந்து அது உட்கார்ந்திருக்கும் இரும்பு வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்துவிடுவார். நட்டு ஒரு மயிரிழை திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நல்ல பழக்கம்தான். கல்லிலும் முள்ளிலும் போகிற வண்டிகளுக்குப் பல பேர் செய்கிற காரியம்தான். ஆனால் மற்றவர்கள் நட்டு தளர்கிறதா என்று பார்க்கப் போட்டார்கள். இவர் யார் தொட்டது என்று பார்க்கப் போட்டார்.

இது சும்மா வந்த புத்தியில்லை. இளவயதில் ஒரு லாரிப் பட்டறையில் சம்பளத்துக்கு இருந்தபோது, இவர் மாட்டி அனுப்பிய சக்கரம் ஒன்று நடுவழியில் கழன்று உருண்டது. யாருக்கும் அடியில்லை, இவருக்கு வேலை போயிற்று. தான் இறுக்கியதை எவனோ தளர்த்திவிட்டான் என்பது அவர் கட்சி. எவன் என்று மட்டும் கடைசிவரை முடிவுக்கு வரமுடியவில்லை. அதனால் எல்லோரையும் பட்டியலில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பட்டியலில் முதல் ஆள் தங்கையின் கணவர். வேன் ஓட்டுகிறவர், சீட்டியடிக்கிறவர், கை சும்மா இருக்காதவர். பேசிக்கொண்டே மேஜைமேல் இருப்பதை எடுத்து உருட்டுவார்; போகும்போது அது மேஜைமேல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒருதரம் பட்டறையிலிருந்து இரவல் வாங்கிப்போன ஜாக்கி சிவப்பாகப் போய்ப் பச்சையாகத் திரும்பி வந்தது. "துருப்பிடிச்சிருந்தது மச்சான், பெயிண்ட் அடிச்சுக் கொண்டாந்தேன்" என்றார். மஞ்சக்கோடு கத்தி எடுத்துச் சுரண்டிப் பார்த்தார். பச்சைக்குக் கீழே சிவப்பு இல்லை, நீலம் இருந்தது.

அப்படிப்பட்ட மாப்பிள்ளைக்கு வேன் வேலை போய் எட்டு மாதம். தையல் தொழிற்சாலையில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற தங்கையின் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மலைமேல் கூடாரம் அடித்து ஆட்களைத் தங்கவைக்கும் முகாம்கார அம்மாள் பட்டறைக்கு வந்தார். அவருடைய கொட்டகையில் முப்பது வருஷத்துப் பழைய ஜீப் ஒன்று கிடந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. கீழேயிருந்து முகாமுக்குப் போகும் பாதை, பாதை என்று சொல்லிக்கொண்டாலும் பாதி பாறை, பாதி ஓடை.

"வண்டியை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்திக் குடுங்க. குவாரியில பாரம் ஏத்தி என் கண்ணெதிர்ல ஓட்டிக் காட்டணும். உங்க மாப்பிள்ளைக்கு வேலை கேட்டீங்களே, அவரை நம்பி ஆளுங்களை ஏத்தி அனுப்பலாமா, அதையும் நீங்களே சொல்லிடுங்க. நீங்க ஒருத்தரைச் சரின்னு சொன்னதா இந்த ஊர்ல யாரும் கேள்விப்பட்டதே இல்லையாம். அதனால நீங்க சொன்னா எனக்குப் போதும்."

அவருக்கு அது பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார். "ரெண்டும்தான்" என்றாள்.

மூன்று வாரம் வேலை. வில்லாக வளைந்த பழைய ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றிப் புதிய பட்டைகள் வைத்து வண்டியை நாலு விரல் உயர்த்தினார். பெரிய டயர் போட்டார். உடம்பு உயர்ந்ததால் எட்டாமல் போன பிரேக் குழாய்களை நீளமாக மாற்றினார். ஓடைத் தண்ணீர் அச்சுக்குள் புகாமலிருக்க, அச்சு மூச்சுவிடும் குழாயை மேலே இழுத்துக் கட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை கைவிடப்பட்ட கல்குவாரியில் வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்தார். ஒரு சக்கரம் பள்ளத்திலும் எதிர்ச்சக்கரம் மேட்டிலும் நிற்க, வண்டி காலை மடக்கிய மாடு எழுந்திருப்பதுபோல முக்கி எழுந்தது. மறுநாள், பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டும் பதினாறு நட்டுகளையும் மறுபடி இறுக்கினார். முதல் ஓட்டத்தில் பட்டை உட்கார்ந்து நட்டு கொஞ்சம் இடம் கொடுக்கும். அதற்கப்புறம் இறுக்குவதுதான் கணக்கு. வேண்டிய அளவு இறுகியதும் 'டிக்' என்று சொல்லும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, பதினாறுக்கும் கோடு போட்டார். புதன்கிழமை முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை டார்ச்சோடு அடியில் புகுந்தவர், பின்பக்கம் இடது கையோரம், உள்பக்க நட்டில் கோடு உடைந்திருப்பதைப் பார்த்தார். கால் சுற்று. தளரும் பக்கம் அல்ல. இறுக்கும் பக்கம்.

அவர் அப்படியே மல்லாந்து கிடந்தார். நட்டு தானாகத் தளரும்; ஆட்டத்தில், அதிர்ச்சியில் தளரும். தானாக இறுகாது. இறுகியிருக்கிறதென்றால் ஒரு கை வந்து போயிருக்கிறது.

மத்தியானம் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"இறுக்கினதுக்கா இந்தப் பாடு?" என்றாள் மனைவி. "தளர்த்தினா திருட்டு. இறுக்கினா உபகாரம்."

"கழட்டினவன்தான் திருப்பி இறுக்குவான். எதையோ கழட்டி வேற ஏதோ மாட்டியிருக்கான். அந்தக் காலத்து அச்சு. இப்பத் தேடினாக் கிடைக்காது. யானை மாதிரி, செத்தாலும் விலை."

"யாரு மாட்டியிருக்கான்?"

அவர் சோற்றைப் பிசைந்தார். அவள் குழம்புக் கரண்டியைச் சட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள். "உங்க தங்கச்சி எட்டு மாசமா ஒத்தக் கையால இழுத்துக்கிட்டிருக்கா. வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அதை நினைச்சுக்குங்க."

அவர் திரும்பிப்போய் அச்சின் எண்களை முகாம் அம்மாளின் பழைய காகிதத்தோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. பட்டைகளை எண்ணினார். சரி. எதுவும் மாறவில்லை என்று தெரிந்ததும் சந்தேகம் குறையவில்லை, கூடியது. இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவன் பெரிய ஆளாகத்தான் இருக்கவேண்டும்.

சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே மாப்பிள்ளை வந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. நேத்து இந்தப் பக்கம் வந்தீங்களா?"

சீட்டி நின்றது. "இல்லையே மச்சான். ஏன், ஏதாவது காணலையா?"

"காணலைன்னு நான் சொல்லவே இல்லையே."

"உங்க மூஞ்சி சொல்லுதே. எங்க வீட்டுக்கு வந்தாக்கூட டம்ளரை எண்ணிட்டுத்தான் உட்கார்றீங்க." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஜீப்பின் பின் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். எட்டு மாதமாக வேலை இல்லாத மனுஷர்.

அந்தப் பார்வை போதுமாயிருந்தது. மஞ்சக்கோடு போனை எடுத்து முகாம் அம்மாளைக் கூப்பிட்டார். "வண்டி ரெடி. ஞாயித்துக்கிழமை குவாரிக்கு வந்துடுங்க. டிரைவரைப் பத்தி... அதை நேர்ல சொல்றேன்."

"அப்ப நான் வேற ஆளையும் பார்த்து வெச்சுக்கறேன்" என்றார் அந்த அம்மாள். "நீங்க இவ்வளவு இழுத்தாலே எனக்குப் புரியும்."

வைத்த பிறகு அவருக்கு ஒருமாதிரி இருந்தது. ஆதாரம் வேண்டும் என்று தோன்றியது. ஆதாரம் இல்லாமல் தங்கை வீட்டு அடுப்பை அணைத்த பாவம் வேண்டாம், ஆதாரத்தோடு அணைக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம், பக்கத்துக்கடைக்கெல்லாம் கேட்கிற மாதிரி "சாப்பிடப் போறேன்" என்று சொல்லி ஷட்டரை இழுத்துப் பூட்டினார். இரண்டு தெரு சுற்றி வந்து எதிரிலிருந்த கண்ணாடிக் கடைக்குள் நுழைந்து, சட்டம் போடாத கண்ணாடிகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன, உங்க கடையையே வேவு பார்க்கறீங்களா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"சும்மா, காத்தாட."

"இங்க ஃபேனே இல்லையே."

சற்று நேரத்தில் நீல மேல்கோட்டு போட்ட ஓர் உருவம் வேகமாக வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஷட்டரைத் திறந்து, உள்ளே புகுந்து பாதி இறக்கிவிட்டது. அந்த மேல்கோட்டு தையல் தொழிற்சாலையுடையது. அந்தச் சாவி, அவர் மனைவியின் வசம் இருக்கவேண்டிய சாவி.

அவர் தெருவைக் கடந்து குனிந்து உள்ளே போனார். ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"யாரது?"

"நான்தான். வெளிச்சத்தை மறைக்காதே அண்ணா."

"உனக்கு இங்க என்ன வேலை?"

"முன்பக்கம் பாக்கி. வியாழக்கிழமை பின்பக்கம் எட்டு முடிச்சதுமே சாப்பாட்டு நேரம் முடிஞ்சு சங்கு ஊதிட்டான்." டிக் என்றது ரெஞ்சு. கால்கள் அடுத்த நட்டுக்கு நகர்ந்தன.

"என் வேலையைச் சரிபார்க்கறியா?"

"ஆமா."

"என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"நீ யார்மேல வெச்சிருக்கே, நான் உன்மேல வைக்க? ஒரே வீட்டுச் சோறுதானே தின்னோம்." மறுபடி டிக். "இதுல தினம் ஏறப்போறது என் புருஷன். அண்ணன் கட்டினதுன்னா நட்டு பயந்துக்கிட்டு இறுகிடுமா?"

அவர் தரையில் உட்கார்ந்தார். "பின்பக்கம் ஒரு கோடு உடைஞ்சிருக்கு."

"நான்தான் உடைச்சேன். ஏழு நட்டு, ரெஞ்சு வெச்ச உடனே டிக்குன்னுது. அந்த ஒண்ணு மட்டும் சொல்லல. தள்ளினேன், போய்க்கிட்டே இருந்தது. கால் சுத்து போனப்புறம்தான் சொல்லிச்சு."

"அப்ப எவனோ தளர்த்தியிருக்கான்!"

கால்கள் அசையாமல் நின்றன. அடியிலிருந்து அவள் மெதுவாக வெளியே வந்தாள். கன்னத்தில் கிரீஸ் இருந்தது. "தளர்த்தியிருந்தா அப்பவே கோடு உடைஞ்சிருக்குமே அண்ணா. நான் கை வைக்கறவரைக்கும் உன் கோடு அம்சமா, நேரா இருந்தது."

அவருடைய கோடே அவருக்கு எதிர்ச்சாட்சி சொல்லிவிட்டது. புதன்கிழமை அவர் அடியில் கிடந்தபோது மாப்பிள்ளை மேஜையருகே நின்று ஸ்பேனர் பெட்டியைத் திறந்து எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். இவர் வலது கையில் பிரஷ். இரண்டு கண்ணும் மேஜைமேல். அந்த நட்டு இறுகியதற்கான சத்தத்தைக் கேட்டதாக நினைவில்லை. கோடு இழுத்தது மட்டும் நினைவிருந்தது.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும். நேத்து நீ கேட்டியாமே. சொல்லிடவான்னார். வேண்டாம், அண்ணனுக்கு வெக்கமாப் போயிடும்னேன்."

போனில் பேசியதைப் பற்றி அவர் அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குவாரியில் வெயில் கல்லில் பட்டுத் திருப்பியடித்தது. மணல் மூட்டைகளை ஏற்றி வண்டியை நிறுத்தியிருந்தார்கள். முகாம் அம்மாள் குடையோடு வந்தார். தனக்குப் பின்னால் ஒரு புது டிரைவரையும் கூட்டி வந்திருந்தார். அந்த ஆளைப் பார்த்ததும் தங்கை அண்ணனைப் பார்த்தாள். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தார்.

"டிரைவரைப் பத்தி நேர்ல சொல்றேன்னீங்களே, சொல்லுங்க."

மஞ்சக்கோடு தொண்டையைச் செருமினார். "ஓட்டறது இவரே ஓட்டட்டும். அவர்மேல ஒண்ணும் இல்ல. குத்தம் என் பேர்ல. ஒரு நட்டை இறுக்காமலே கோடு போட்டுட்டேன். என் தங்கச்சி கண்டுபிடிச்சு இறுக்கினா. அதைப் பார்த்துட்டு நான் இவரைச் சந்தேகப்பட்டேன்."

அந்த அம்மாள் குடையைச் சாய்த்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று வாரமாக அந்த முகத்தில் இருந்த மரியாதையில் ஏதோ ஒன்று இடம் மாறியது. "ஒண்ணுதானா?" என்றார். "இல்ல, இன்னும் எத்தனை நட்டுல இப்படிக் கோடு மட்டும் இருக்கு?"

இத்தனை வருஷமாக அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. பதில் சொல்லும் இடத்திலிருந்து அது வேறு மாதிரி கேட்டது.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு."

"தெரிஞ்சு, சரி. என் கண்ணெதிர்ல எல்லாத்தையும் மறுபடி பாருங்க. நீங்க வேண்டாம். அந்தப் பொண்ணு பார்க்கட்டும்."

தங்கை அடியில் புகுந்தாள். அவரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்கள், நின்றார். பட்டை நட்டுகள் பதினாறு, சக்கரங்கள், பிரேக் குழாய் முனைகள், முன்னால் கம்பி சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச். ஒவ்வொரு டிக்குக்கும் அவர் உதடு தன்னையறியாமல் அசைந்தது. ஒரு சக்கரத்தில் ரெஞ்சு சற்று நகர்ந்த மாதிரி தெரிய, ஓரடி முன்னால் வந்துவிட்டார். "கை வழுக்கிடுச்சு, ஒண்ணுமில்ல" என்றாள் அவள். அதை நம்புவதா என்று யோசித்தார். நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது.

"ஏறுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "கட்டினவர் உள்ள இருக்கட்டும்."

நாலு சக்கரக் கியரைப் போட்டு, கிளட்சை ஒரு பூவை வைப்பதுபோல விட்டு, பள்ளத்தில் இறக்கினார். சரளைச் சரிவில் டயர் பிடியிழந்து சுற்றியபோது ஆக்சிலேட்டரை அழுத்தவில்லை. காலைத் தூக்கி, வண்டி தானாகப் பிடி தேடும்வரை பொறுத்தார். மேலே போய்த் திரும்பி இறங்கியபோது அந்த அம்மாள் குடையை மடக்கிவிட்டுத் தங்கையிடம் கேட்டார்:

"என்னம்மா, எடுத்துக்கலாமா?"

"வாரத்துக்கு ஒருதரம் நான் அடியில பார்க்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா எடுத்துக்கங்க."

அம்மாள் ஒத்துக்கொண்டார். புது டிரைவர் வந்த வழியே நடந்தார்.

மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்கவில்லை. "நான் எதை வித்துட்டதா நினைச்சீங்க மச்சான்?"

"அச்சை."

"முழு அச்சையா? நான் ஒருத்தனாவா?" ஒரு நொடி அதில் பெருமைகூட இருந்தது. அப்புறம் முகம் இறுகியது. "பரவாயில்லன்னு சொல்ல மாட்டேன். இறங்குங்க. தனியா ஒருதரம் ஏத்திப் பார்க்கணும்."

இறங்கினார். வண்டி மணல் மூட்டைகளோடு மறுபடி சரிவைப் பிடித்தது. தங்கை ரெஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எதைப் பார்க்கறே, வண்டியையா அவரையா?"

"பின் சக்கரத்தை" என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

"சரி, அதைப் பாரு" என்று சொல்லிவிட்டு, அவள் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.