நாற்பது நாடக நூல்களும் ஒரு பழியும்

மன்னித்தால் மனம் லேசாகிவிடும் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பழி வாங்கினாலும் மனம் லேசாகும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் எங்கள் பள்ளத்தாக்கில் இருந்த ஒரு கல்லூரியில் தமிழ்த் துறையில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பெண் நான். வயது இருபத்தாறு. என்னை எப்போது கட்டிக்கொடுப்பது என்பதுதான் வீட்டில் காலைப் பேச்சும் மாலைப் பேச்சும். இத்தனை படித்து என்னத்தைக் கிழித்தாய் என்று அம்மா தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்.

அந்த ஆண்டு துறையில் நாடகத்துக்கென்று ஒரு விருப்பப் பாடம் தொடங்கினார்கள். துறைத்தலைவர் என்னை அழைத்தார். வெள்ளைச் சட்டையும் கனிந்த குரலுமாக இருப்பார். அவர் யாரிடமும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, நாடகத்தப் பத்திப் பிள்ளைக என்னென்ன படிக்கணும்னு ஒரு பட்டியல் போட்டுக் குடு. ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி எழுது. சின்னப் புத்தகமாப் போட்டுருவோம். உன் பேரும் வரும்" என்றார்.

அந்தக் கடைசி மூன்று சொல்லுக்காக நான் ஏழு மாதம் நாயாக உழைத்தேன். அன்று மாலையே வீட்டில் சொல்லியும் விட்டேன். அச்சில் என் பெயர் வரப்போகிறது, அதுவரை மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கக்கூடாது என்று. அம்மா அத்தைக்குச் சொன்னார். அத்தை சின்னமனூர் வரைக்கும் சொல்லிவிட்டார். ஆனாலும் இடையில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரை வரவழைக்காமல் அவர்களால் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமைதோறும் மதுரைக்குப் பஸ் ஏறி நூலகங்களில் உட்கார்ந்தேன். ஒப்பனை பற்றி ஒரு நூல், மேடை விளக்குகள் பற்றி ஒன்று, தெருவில் போடும் நாடகம் பற்றி மூன்று. இசை நாடகத்துக்குப் போட்ட பழைய பாட்டுப் புத்தகங்கள் நூலகத்தில் இல்லை. அவற்றைத் தேடிச் சின்னமனூரில் ஓர் ஆர்மோனியக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் புத்தகத்தைத் தரமாட்டேன் என்றார். ஆனால் எதிரில் உட்கார்ந்து படிக்க விட்டார். நான் பக்கத்தைத் திருப்பத் திருப்ப அந்தப் பாட்டை அவரே பாடிக் காட்டினார். படிக்கப் போனவள் முழு நாடகத்தையும் கேட்டுவிட்டு வந்தேன்.

நல்ல புத்தகத்தை நல்லதென்றும் மோசமானதை மோசமென்றும் எழுதினேன். நடிப்பு என்றால் என்ன என்று இருநூறு பக்கம் விளக்கும் ஒரு தடித்த நூலை, மேடையே ஏறாதவர் எழுதியது, முதல் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுதினேன். பயிற்சி சொல்லும் நூல்களை வெறுமனே படித்துவிட்டுப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் பந்தலுக்கு அடியில் நின்று மூச்சுப் பயிற்சி, குரல் பயிற்சி எல்லாம் செய்தேன். கொத்து வெட்ட வந்த பெண்கள் எனக்குக் காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று அம்மாவிடம் போய்ச் சொன்னார்கள். செய்து பார்த்ததில் என்ன நடந்தது என்பதையும் அந்தந்த நூலின் குறிப்பிலேயே எழுதினேன். இடம் போதாத ஒரு குறிப்பை மட்டும் தாளின் பின்பக்கத்தில் தொடர்ந்தேன்.

நாற்பது நூல்கள் ஆயின. கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தபோது துறைத்தலைவர் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் புத்தகம் போட்டால் தற்காலிகக்காரர்கள் புரூஃப் பார்க்கவேண்டும். இரண்டு மாதம் கழித்து ஒரு கட்டு என் மேசைக்கு வந்தது. என் நாற்பது நூல்கள். முகப்பில் அவர் பெயர். முன்னுரையில், இது தம் முப்பதாண்டு வாசிப்பின் சாறு என்று எழுதியிருந்தார். டி.டி.பி. சென்டருக்கு நன்றி இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. என் அனுபவம் வரும் வரிகளையெல்லாம் அடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டிருந்தார்.

நேரே அவர் அறைக்குப் போனேன். என் பெயர் விட்டுப்போயிருக்கிறது போலிருக்கிறதே ஐயா என்று கேட்டேன். விட்டுப்போயிருக்கிறது என்று நாசூக்காகச் சொன்ன அந்த வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

"அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்மா. நீ இப்ப எழுத்துப்பிழைய மட்டும் பாரு" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பதினேழாவது நூலுக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்தேன். தாளின் முன்பக்கத்தில் மட்டும் அடித்தவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. டி.டி.பி. சென்டர் பெண்ணோ கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிவிட்டிருந்தாள். அது நடிப்புப் பயிற்சி நூல் ஒன்றைப் பற்றிய குறிப்பு. பழைய நினைவு ஒன்றிலிருந்து வேண்டிய உணர்ச்சியை வரவழைப்பது எப்படி என்று அந்த நூலின் ஆறாம் அத்தியாயம் சொல்கிறது. அதன் கீழே என் வரிகள்:

"என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டோடு நின்றபோது இதைச் செய்து பார்த்தேன். எட்டாம் வகுப்பில் பாவாடை கிழிந்த நாளை நினைத்துக்கொண்டேன். வெட்கம் தானாக வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை மிகவும் பிடித்துவிட்டது. எனக்குத்தான் அவர்களைப் பிடிக்கவில்லை."

சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்தேன். எழுத்துப்பிழையை மட்டும் பார்த்தேன். அந்தப் பத்தியில் காபிக்கு ஒரு கால் விட்டுப்போயிருந்தது. அதையும் திருத்தினேன்.

வெளியீட்டு விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை கல்லூரி அரங்கில் நடந்தது. துறைத்தலைவரின் சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் அவர் மனைவி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவதும் தற்காலிகக்காரர் வேலைதான், அதனால் மைக் என் கையில் இருந்தது. மதுரையிலிருந்து மதிப்புரை சொல்ல வந்த பேராசிரியருக்கு முதல் நாள் மாலையே புத்தகத்தைக் கொடுத்திருந்தேன். நேரமில்லாவிட்டால் இந்த ஒரு பக்கத்தையாவது வாசியுங்கள் ஐயா, நூலின் உயிரே இதில்தான் இருக்கிறது என்று ஒரு துண்டுத்தாள் செருகிக் கொடுத்தேன்.

அவருக்கு நேரமில்லை போலிருக்கிறது. மேடையில்தான் முதன்முதலாக அதைப் படித்தார். "பாவாடை கிழிந்த நாளை" என்ற இடத்தில் அவர் குரல் தடுமாறியது. பின்வரிசையில் மாணவிகள் குபீரென்று சிரித்தார்கள். அப்புறம் அரங்கமே சிரித்தது. நான் மேடை ஓரத்தில் நின்று துறைத்தலைவர் முகத்தை ஆசை தீரப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை.

ஆனால் அவர் சாதாரண ஆளில்லை. எழுந்து வந்து மைக்கை என் கையிலிருந்து மெல்ல வாங்கினார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். இது தம் துணைவியாரின் அனுபவம், தாம் அவரைப் பெண் பார்க்கப் போன அன்று நடந்தது, அவர் சொல்லச் சொல்ல அவர் வாக்கிலேயே தாம் எழுதியது, பிடிக்கவில்லை என்று சொன்னவர்தான் முப்பதாண்டாகத் தம்மோடு வாழ்கிறார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கம் கை தட்டியது. நாற்பது நூல்களையும் படித்த எனக்கு அந்த நடிப்பில் கால்வாசி வராது.

தட்டிய கைகள் ஓய்வதற்குள் நான் மைக்கைத் திரும்ப வாங்கினேன். அந்த அம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவரில்லை. துறைக்கு வந்தால் முறுக்கு கொண்டுவருவார். அதெல்லாம் எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை. அந்த இனிய நாளைப் பற்றி அம்மா அவர்களே இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தேனாக அழைத்தேன். சொந்தக்காரப் பெண்கள் அவரைப் பிடித்துத் தள்ளி மேடையேற்றினார்கள்.

அவர் மைக்கைச் சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"அவுக என்னையப் பொண்ணு பாக்க வரலையே. எனக்கு அத்த மகன்ல அவுக. நான் சின்னப் பிள்ளையா இருக்கையிலயே பேசி முடிச்சு வச்சிட்டாக. யாருக்கும் காப்பித் தண்ணியெல்லாம் குடுக்கல" என்றார்.

இந்தமுறை சிரித்தது சொந்தக்காரர்கள். முறைப்பெண்ணை யாராவது பெண் பார்க்கப் போவார்களா என்று வேட்டி கட்டிய ஒரு பெரியவர் உரக்கவே கேட்டார். அந்த அம்மாள் வெள்ளந்தியாகச் சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மேடையை விட்டு இறங்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். துறைத்தலைவர் தேசிய கீதம் வரைக்கும் தலை நிமிரவில்லை.

அடுத்த பருவத்தில் எனக்கு வகுப்பு தரவில்லை. யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில், அச்சில் வரப்போகிற பெயர் என்னவாயிற்று என்று அம்மா கேட்டபோதுதான் வலித்தது. துறைத்தலைவர் அவமானப்பட்டார், சரி. என் பெயர் அப்போதும் எங்கேயும் இல்லை. அந்த ஆண்டே கட்டிக்கொடுத்தும் விட்டார்கள்.

பிறகு அரசுப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்துத் தேனிக்கு வந்தேன். இரண்டாயிரத்து ஒன்பதில் பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் பரிந்துரைக்கும் குழு ஒன்றில் என்னையும் போட்டார்கள். நாடகம் பற்றிய நூல்களைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்கள். மூன்றாவதாக எடுத்த புத்தகத்தில் அந்தத் துறைத்தலைவர் பெயர் இருந்தது.

ஓய்வு பெற்றபின் எழுதியிருக்கிறார். வருசநாட்டிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் ஊர் ஊராகப் போய், மேடையில் ஆடியவர்களையும் பாடியவர்களையும் கண்டு பேசி எழுதியது. குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நாடகத்தைப் பற்றி நான் படித்த நல்ல புத்தகங்களில் அதுவும் ஒன்று. அந்த நாற்பதோடு நாற்பத்தொன்றாகச் சேர்த்திருப்பேன். ஒவ்வொரு தகவலுக்கும் அடியில் சொன்னவர் பெயரும் ஊரும் போட்டிருந்தார். சின்னமனூர் ஆர்மோனியக்காரர் பெயர் இருந்தது. திரை இழுத்தவர் பெயர்கூட இருந்தது.

என் பெயரைத் தேடினேன். முன்னுரையில் பார்த்தேன், நன்றியுரையில் பார்த்தேன், பின்னிணைப்பில் விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். இல்லை.

குழுவின் படிவத்தில், நூலின் தரம் பற்றிய கட்டத்தில் "பள்ளிகளுக்குப் பரிந்துரைக்கத் தக்கதல்ல" என்று எழுதினேன். காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். பரிந்துரையாளர் பெயர் என்ற இடத்தில், கையெழுத்தாகக் கிறுக்காமல், யார் படித்தாலும் புரியும்படி என் பெயரை இனிஷியலோடு முழுதாக எழுதினேன்.