விருந்தாளிக்கு விட்ட தண்ணீர்

பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாமலே ஆராய்ச்சிக்குள் நுழைந்தவன் நான். கொச்சிச் சீமைச் சித்தூரில் நெல் மண்டியில் மூட்டைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சாமான் சுற்றி வந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை நீவி வைத்துப் படித்ததுதான் என் காலேஜ். ஆனால் இரண்டு பேர் நின்று நாயம் பேசினால் போதும், எழுதுகிற சீட்டை அப்படியே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துவிடுவேன். யார் எதை எப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. அந்த ஒரு தகுதியை நம்பி, சென்னையிலிருந்து வந்த பூகோளப் புரொபசருக்கு மண்டி முதலாளி என்னைப் பேச்சை மாற்றிச் சொல்கிற துபாஷியாகப் பிடித்துக் கொடுத்தார். புரொபசர் தெலுங்குக்காரர். புத்தகத் தமிழ் கொஞ்சம் தெரியும். எங்கள் ஊர்க்காரர் வாயைத் திறந்தால் என் முகத்தைப் பார்ப்பார்.

அவர் ஆராய்ச்சி எல்லையைப் பற்றி. ஒரு ஆற்றை இரண்டு சர்க்கார் எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று எழுத வந்திருந்தார். அதற்கு எங்கள் பக்கத்தைவிடத் தோதான இடம் கிடைக்காது. சித்தூர் கொச்சி ராஜாவுடையது, சுற்றிலும் வெள்ளைக்காரன் சீமை. ஆறு மலையிலிருந்து இறங்கி ராஜா சீமைக்குள் புகுந்து, மறுபடியும் வெள்ளைக்காரன் சீமைக்கே வந்துவிடும். தழையும் மண்ணும் போட்டு ஆற்றை மறிக்கிற கொரம்பு ராஜா பக்கத்தில். அங்கிருந்து கிளம்புகிற வாய்க்காலின் கடைமடை எல்லைக்கல்லைத் தாண்டி வெள்ளைக்காரன் பக்கம். அந்தக் கடைமடையில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருந்தது. தை பிறந்துவிட்டால் ராஜா பக்கத்து மேல்மடைக்காரர்கள் மடையை அடைத்துவிடுவார்கள். அக்கா ஊட்டு வயல் வெடித்துக் கிடக்கும்.

இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து இதைப் பேசப் போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. தண்ணீர் கடைசி வயல்வரை போகிறது என்று மேல்மடையும், போகவில்லை என்று கடைமடையும் எழுதிப் போட்டிருந்தார்கள். படித்தவர் ஒருவர் நேரில் பார்த்து எழுதினால் அது சபையில் ஏறும் என்று கடைமடைக்காரர்கள் நம்பினார்கள். புரொபசருக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. "நான் கண்ணால் கண்டதை மட்டும்தான் எழுதுவேன்" என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவரைக் கூட்டி வருகிறேன் என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். அங்கேதான் வினை.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி வந்தால் இல்லாமையை அவர் கண்ணில் காட்டமாட்டார்கள். பால் பக்கத்து வீட்டிலிருந்து வரும், நெய் எதிர்வீட்டிலிருந்து வரும், கட்டில் யார் வீட்டிலிருந்தோ தலைமேல் வரும். வந்தவர் போன பிறகு எல்லாம் அதனதன் ஊட்டுக்குத் திரும்பிவிடும். இது எனக்குத் தெரியாதா? இதே வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவன்தானே.

வெள்ளிக்கிழமை கொரம்பிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்தோம். எல்லைக்கல் வந்ததும் வறண்ட மண்ணைக் காட்டப்போகிறேன் என்று நான் முன்னால் ஓடினேன். கல்லைத் தாண்டித் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. மடைமேல் நின்ற மேல்மடைப் பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"பாத்துக்கங்க சாமி. நாங்க மறிக்கறமுன்னு சொல்றாங்களே, தண்ணி நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுது பாருங்க."

புரொபசர் கைத்தடியைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்த்தார்.

அக்கா வீட்டு வாசலில் மாமா செம்பு செம்பாக மொண்டு அவர் காலில் ஊற்றினார். போதும் போதும் என்கிறார் புரொபசர், மாமா நிறுத்தவே இல்லை. நான் அடுப்படிக்குள் போனேன்.

"ஏக்கா, தண்ணி ஏது?"

"உங்க மாமா மேல்மடைக்குப் போயிக் கேட்டாருடா. பட்டணத்துல இருந்து பெரிய மனுசரு வாராரு, கால் கழுவத் தண்ணியில்லீன்னா எங்க மூஞ்சிய எங்கீங்க வெச்சுக்கறதுன்னாரு. ஒரு வார்த்தை மறுத்துப் பேசாம மடையத் தொறந்துட்டாங்க. நல்ல சனம், நாமதான் தப்பா நெனச்சுட்டோம்."

"அக்கா, தண்ணி வரலீங்கறதப் பாக்கத்தான் அவரு வந்திருக்காரு."

அக்கா கரண்டியோடு அப்படியே நின்றாள். "அதுக்குன்னு? வெறும் வாய்க்காலக் காட்டவா ஒரு மனுசனை ஊட்டுக்குக் கூப்புடுவாங்க?"

இலை போட்டார்கள். இரவல் நெய் ஊற்றினார்கள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திரும்பும்போது வண்டியில் புரொபசர் தாம் வரைந்துவந்த வாய்க்கால் படத்தை விரித்து, கொரம்பிலிருந்து கடைசி வயல்வரை நீலப் பென்சிலால் பட்டையாக ஒரு கோடு இழுத்தார். "உங்கள் ஆட்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள்" என்றார் சிரித்தபடி.

"சார், அது கேட்டு வாங்கின தண்ணீர்" என்றேன்.

விவரம் கேட்டார். கேட்டுவிட்டு, "அது உங்கள் அக்கா வீடு அல்லவா? நான் பார்த்ததை அடித்துவிட்டு நீங்கள் சொல்வதை எப்படி எழுதுவேன்?" என்றார். கோபமில்லை, நியாயமாகத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "சொல்லாமல் ஒரு நாள் போய்ப் பார்ப்போம்" என்று அவரே முடித்தார்.

அடுத்த வாரம் சொல்லாமல் போனோம். எல்லைக்கல்லைத் தாண்டினதும் வாய்க்காலில் ஆடு படுத்திருந்தது. அக்கா வீட்டுக்கு நேரே வாய்க்கால் மணலில் ஒரு குழி. குழிக்குள் அக்கா குந்தியிருந்தாள், தேங்காய்த் தொட்டியால் கலங்கலை மொண்டு, குடத்து வாயில் துணியை விரித்து வடிகட்டிக்கொண்டு. முழங்கைவரை சேறு. புரொபசரின் தொப்பியைக் கண்டதும் குடத்தை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

மாமா வெளியே வந்தார். "ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லியுட்டிருக்கக் கூடாதுங்களா?" அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஏன் வெளியவே நிக்கறீங்க? அடுப்படிக்கும் கூட்டிட்டு வா தம்பி. கழுவாத சட்டி கெடக்குது, அதையும் பாத்து எழுதிக்கட்டும்!"

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் புரொபசர்.

கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னேன். பென்சிலைக் கீழே தாழ்த்திக்கொண்டார். போன வாரம் வந்த தண்ணீர் தானாக வந்ததா என்று மட்டும் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "கேட்டு வாங்குனதுங்க. பொய் பண்ணோணும்னு பண்ணலீங்க. விருந்தாளிக்குன்னு கேட்டமுங்க." களவில் பிடிபட்டவன் பேசுகிற மாதிரி இருந்தது அவர் குரல். அதையும் இங்கிலீஷாக்கினேன். வார்த்தைகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அந்தக் குரல் என்னிடமே நின்றுவிட்டது.

திரும்புகிற வழியில் மேல்மடைப் பெரியவர் மடைமேல் உட்கார்ந்திருந்தார். "என்னுங்க துபாஷி, அன்னிக்கு நாங்க குடுத்த தண்ணி உப்பாவா இருந்துச்சு?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். அவர் கேட்டதில் தப்பில்லையே. கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொடுத்தார்கள். கேட்டதுதான் எங்களை அடித்தது.

மாதங்கள் போய், புரொபசரின் கட்டுரை காலேஜ் சஞ்சிகையில் வந்தது. எனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பியிருந்தார். அடியில் பொடி எழுத்தில், வழிகாட்டிய உள்ளூர் நண்பருக்கு நன்றி என்று ஒரு வரி. இங்கிலீஷில், அச்சில், நான்! மண்டியில் எல்லோருக்கும் காட்டினேன். முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மறுநாளே எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். சர்க்கார்கள் பேசினார்களா, பேசாமலே எழுந்து போனார்களா, எங்கள் காதுக்கு எதுவும் எட்டவில்லை. வாய்க்கால் பழையபடியேதான் கிடந்தது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சஞ்சிகையில் இருந்த வாய்க்கால் படத்தைப் பார்த்தாள். எல்லைக்கல்வரை கோடு முழுசாக வந்தது. அதற்கப்புறம் கடைசி வயல்வரை வெறும் புள்ளிகள்.

"இதென்ன, கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி?"

"சில நாள் தண்ணி வரும், சில நாள் வராதுன்னு அர்த்தம்க்கா. அவரு ஒரு நாள் தண்ணியப் பாத்தாரு, ஒரு நாள் பாக்கலை. ரெண்டையும் எழுதித்தானே ஆகோணும்."

"எந்த நாள் வரும்னு எழுதியிருக்கா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"விருந்தாளி வர்ற நாள்னு எழுதச் சொல்லு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "உன்ற பேரும் போட்டிருக்குதாடா? காட்டு, பாப்போம்."

அதைக் காட்டத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். விரலை அந்த வரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பேரெல்லாம் போடமாட்டார்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, சஞ்சிகையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். அக்கா குடத்தையும் தேங்காய்த் தொட்டியையும் எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போனாள். பின்னாலேயே போய்க் குழியைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிக் கொடுத்தேன்.